ஏனென்று கேட்பாரில்லா வங்கி

2023ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 28ஆம் நாள், வெள்ளிக்கிழமை. அமெரிக்க நாட்டுக் கான்சாசு மாநிலத்தின் தென்மேற்கு மூலையில் உள்ள எல்க்கார்ட்டு என்னும் சிற்றூரில் ஒரு வங்கி மூடப்பெற்றது. மூடியவர் அம் மாநிலத்தின் வங்கி ஆணையர். மூடிய கையோடு அவ் வங்கியின் பேரேடும் பெட்டியும் நடுவண் வைப்புக் காப்பீட்டுக் கழகத்தின் பொறுப்பில் ஒப்படைக்கப்பெற்றன. நொடித்துப்போன நிறுவனத்தின் உடைமையெல்லாம் ஏற்று, விற்கத் தக்கதை விற்று, கொடுக்க வேண்டியவர்க்கு வரிசைப்படி கொடுத்துக் கணக்கை முடிக்கும் பொறுப்பேற்பாளர் நிலை அது. திங்கட்கிழமை வேறு பெயரோடு வங்கி திறந்தது. அதே மாநிலத்துச் சைரக்கியூசு என்னும் ஊரைச் சேர்ந்த 'திரீம் பர்சுட்டு' வங்கி, மூடப்பெற்ற வங்கியின் நான்கு கிளைகளையும் வைப்பீடுகள் அனைத்தையும் ஏற்றுக்கொண்டது. சனி ஞாயிறு இரண்டு நாள்களில் ஓர் ஊரின் வங்கி மறைந்து மற்றோர் ஊரின் வங்கி வந்து அமர்ந்துவிட்டது.

"வைப்பாளர் ஒருவர்க்கும் ஒரு காசும் இழப்பில்லை. குற்றம் செய்தவன் சிறைக்குப் போய்விட்டான். ஒருவன் பேராசைப்பட்டான், ஏமாந்தான், ஒறுக்கப்பட்டான். பின் என்ன குறை?" என்று கேட்பார் உளர். அரசு சார்ந்தாரும் வங்கி சார்ந்தாரும் இக் கேள்வியை விடையாகவே வைத்துக்கொண்டு அமைதியுறுகின்றனர். அவ் அமைதி பொருந்தாது என்பதைக் காட்டவே இக் கட்டுரை எழுந்தது.

முதற்கண் அவ் ஊரைப் பற்றிச் சிறிது அறிதல் வேண்டும். ஈராயிரம் பேர்க்கும் குறைவானவர் வாழும் ஊர் அது. ஓக்கலகோமா மாநில எல்லையை ஒட்டியது. கொலராடோ எல்லையும் தொலைவில் இல்லை. 1930களில் அமெரிக்கச் சமவெளியைப் புழுதிப்புயல் சூறையாடியபோது மிகக் கடுமையாகத் தாக்குண்ட நிலப்பகுதிகளுள் இதுவும் ஒன்று. கோதுமையும் கால்நடையுமே பிழைப்பு. இத்தகைய ஊரில் வங்கி என்பது கண்ணாடிக் கதவும் எந்திரமும் மட்டும் அன்று. விதைப்புக்கு முன் கடன் கொடுத்து அறுவடைக்குப் பின் வாங்கிக்கொள்ளும் இடம் அது. தாளில் எழுதிய சொத்துக் கணக்கை மட்டும் பார்த்துக் கடன் தராமல், தந்தையையும் பாட்டனையும் அறிந்து, "இவன் கொடுத்துவிடுவான்" என்று ஆளைப் பார்த்துக் கடன் தரும் இடம். 'ஆர்ட்லாண்டு டிரை சுடேட்டு வங்கி' என்பது அதன் பெயர். நாட்டின் நெஞ்சகத்து மும்மாநில வங்கி என்று தமிழிற் சொல்லலாம். 2023 மார்ச்சு இறுதியில் அதன் உடைமை மதிப்பு ஏறத்தாழ 13 கோடியே 90 இலக்கம் டாலர். மக்கள் வைத்திருந்த வைப்பீடு 13 கோடி டாலர். பங்குகளை வைத்திருந்தோரும் பெரும்பாலும் அப் பகுதி மக்களே. முதுமைக்கென்று சேர்த்ததை வேறெங்கும் போடாமல் தம் ஊர் வங்கியின் பங்காக வைத்திருந்தவர் அவருட் பலர்.

அதே 2023 மார்ச்சில் சிலிக்கன் பள்ளத்தாக்கு வங்கி வீழ்ந்தது. அதன் உடைமை ஏறத்தாழ 20,900 கோடி டாலர். உலகத்துச் செய்தித்தாள்கள் எல்லாம் அலறின. காப்பீட்டு வரம்பாகிய 2,50,000 டாலருக்கு மேல் வைத்திருந்த செல்வர்க்கும் முழுத் தொகையும் கிடைக்கும் என்று அரசே முன்வந்து உறுதி கூறிற்று. எல்க்கார்ட்டு வங்கி அதில் ஆயிரத்தைந்நூற்றில் ஒரு பங்கு. அதற்காக அழுதவர் அவ் ஊரார் மட்டுமே. ஆயினும் அளவிற் சிறிய இவ் வங்கி விட்டுச்சென்ற பள்ளம், விழுக்காட்டில் பெரிது. காப்பீட்டுக் கழகத்தின் பொருட்குவைக்கு நேர்ந்த இழப்பு 5 கோடியே 42 இலக்கம் டாலர் என்று கணக்கிட்டனர். வங்கியின் மொத்த உடைமையில் ஐந்தில் இரு பங்கு என்று கொள்க. கோதுமை விலை வீழ்ந்ததாலோ, மழை பொய்த்ததாலோ, உழவர் கடனைத் திருப்பாததாலோ வந்த இழப்பா இது? இல்லை. உழவர் கடன் ஒழுங்காகவே இருந்தது. அதற்கு முன்வரை வங்கி நல்ல நிலையில் இருந்ததாகவும், முதல் வலுவாக இருந்ததாகவும் மேற்பார்வையாளரே மதிப்பிட்டிருந்தனர். அவ் ஆண்டு மே முதல் சூலை வரையான சிறு காலத்திற்குள், வங்கியின் தலைமையாளன் ஒருவனே 4 கோடியே 71 இலக்கம் டாலரைக் கம்பிவழிப் பணவிடுப்பாக வெளியே அனுப்பிவிட்டான். வைப்பீட்டில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட தொகை அது!

சான் ஏன்சு என்பது அவன் பெயர். வழக்கு மன்றப் பதிவில் உள்ள பெயர் ஆதலின் மறைப்பதற்கில்லை. ஊரிற் பெருமதிப்புப் பெற்றவன். வங்கியாளர் மன்றங்களிற் பொறுப்பு வகித்தவன். 2022ஆம் ஆண்டு இறுதியில் வாட்சாப்புச் செயலி வழியே அயலார் சிலரோடு அவனுக்குத் தொடர்பு ஏற்பட்டது. 'கிரிப்டோ' என்று வழங்கும் மறைக்காசில் முதலிட்டால் பொருள் பன்மடங்காகும் என்றனர். முகம் அறியாதார் வாய்ச்சொல்! பன்றிக்குத் தீனி போட்டுக் கொழுக்கவைத்துப் பின் அறுப்பது போல, முதலில் ஆதாயம் வருவதாகப் பொய்க்கணக்குக் காட்டி, ஆசையைக் கொழுக்கவைத்து, இறுதியில் அனைத்தையும் உருவிக்கொள்ளும் ஏமாற்று அது. அக் கயவர்களே அதற்குப் 'பன்றி அறுப்பு' என்று பெயரிட்டுள்ளனர். திரையில் எண்கள் ஏறும். எடுக்க முனைந்தால், "இன்னும் இவ்வளவு கட்டினால்தான் எடுக்கலாம்" என்பர். கட்டக் கட்ட அதே விடைதான்.

அவன் முதலில் தன் பணத்தை இழந்தான். மகளின் கல்லூரிப் படிப்புக்கென்று ஒதுக்கியிருந்த 60,000 டாலரையும் விட்டான். 2023 தொடக்கத்தில் ஊர்க் கிறித்தவக் கோயிலின் பணத்தில் 40,000 டாலரும், ஊரார் கூடி நடத்திய முதலீட்டு மன்றத்தின் பணத்தில் 10,000 டாலரும் எடுத்தான். அதன் பின்னரே வங்கியின் பெட்டியிற் கை வைத்தான். கடவுளுக்கென்று ஊரார் கொடுத்த காணிக்கையையே தொட்ட கைக்கு வங்கிப் பணத்தைத் தொடக் கூச்சம் ஏது?

இம்மட்டும் ஒருவனுடைய இழிவு. இதை எவரும் மறுப்பாரிலர். மறைக்காசின் மேல் பழி போடுவாரும் உளர். மறைக்காசு தூண்டிலின் புழுவே அன்றி வேறன்று. இந் நூற்றாண்டில் அது, முன்னைய நூற்றாண்டுகளில் சுரங்கப் பங்கும் நிலப் பங்கும். புழு மாறும், தூண்டில் மாறாது. தன் பணத்தைத் தூண்டிலிற் கோத்துக் கொடுத்தவன் ஏமாளி. அவனோடு கதை முடிந்திருக்கும். ஆனால், ஒரு வங்கியின் பணம், ஓர் ஊரின் பணம், ஒருவன் விரலசைவில் எங்ஙனம் வெளியேறிற்று? வினவப்பட வேண்டிய வினா இதுவே. இவ் வினாவை நோக்கியோ அமைதி காப்பார் வாய் திறப்பதில்லை.

வங்கியின் பணம் தானே நடந்து போவதில்லை. தலைமையாளன் தன் அறையில் அமர்ந்து "அனுப்பு" என்றால் போதாது. ஒருவர் படிவம் எழுத வேண்டும். மற்றொருவர் சரிபார்த்து ஒப்ப வேண்டும். கணக்கில் இருப்பு உண்டா என்று ஒருவர் பார்க்க வேண்டும். பேரேட்டில் ஒருவர் பதிய வேண்டும். எழுதும் கை வேறு, ஒப்பும் கை வேறு என்று வைத்ததே, ஒரு கை தவறினாலும் மறு கை தடுக்கும் என்பதற்காக. எல்க்கார்ட்டு வங்கியிலும் அத்தகைய நெறிகள் இருந்தன, தாளில் இருந்தன. அந் நாட்டு நடுவண் வங்கியின் தலைமைத் தணிக்கையாளர் 2024 பிப்பிரவரியில் வெளியிட்ட ஆய்வறிக்கை இதை ஐயத்திற்கு இடமின்றிக் கூறுகின்றது. பணியாளர்கள் வங்கியின் நெறிகளையும் உட்கட்டுப்பாடுகளையும் மீறி அப் பணவிடுப்புகளை நிறைவேற்றினர். வங்கிக்குள் தலைமையாளனுக்கு இருந்த மேலாட்சியும், ஊருக்குள் அவனுக்கு இருந்த பெருமையும் அதற்குத் துணை செய்தன.

எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு முறை அனுப்பி நின்ற செய்தி அன்று இது. மீண்டும் மீண்டும், கோடி கோடியாக, ஒரே திசையில், ஓர் உழவனுக்கும் தொடர்பில்லாத மறைக்காசுக் கணக்கை நோக்கிப் பணம் போயிற்று. பெட்டியிலிருந்த இருப்புப் போதாமற் போக, வங்கி வெளியிற் கடன் வாங்கியும் அனுப்பிற்று. அவ் வங்கியிலேயே ஓர் எளிய உழவன் டிராக்டர் வாங்க ஐம்பதாயிரம் டாலர் கேட்டிருந்தால் எத்தனை தாள், எத்தனை கையெழுத்து, எத்தனை ஈடு கேட்டிருப்பர்! "எதற்கு? எப்போது திருப்பித் தருவாய்? உன் நிலத்தின் பட்டயம் எங்கே?" என்று துருவியிருப்பர். கீழிருந்து கேட்பவனிடம் நூறு கேள்வி. மேலிருந்து ஆணையிடுபவனிடம் ஒரு கேள்வியும் இல்லை. நெறி என்பது வலியற்றவனுக்கு வேலியாகவும் வலியவனுக்கு வாயிலாகவும் இருந்தது. அவ் வங்கி வீழ்ந்தது அதனால்தான்.

"பாவம், பணியாளர் என் செய்வர்? தலைவன் சொன்னான், செய்தனர்" என்பார்க்கும் ஒரு சொல். அப் பணியாளரைத் தூற்றுதல் இக் கட்டுரையின் நோக்கம் அன்று. ஈராயிரம் பேர் வாழும் ஊரில் வங்கி வேலையை விட்டால் அடுத்த வேலை எங்கே? நாள்தோறும் தெருவிற் காண்பவன், கோயிலில் உடன் அமர்பவன், பல்லாண்டாகச் சம்பளம் கொடுத்தவன், அவனை நோக்கி "இது முறையா?" என்று கேட்க எத்துணைத் துணிவு வேண்டும்! அத் துணிவு எளியார்க்கு இயல்பாக வாராது என்பதனாலேயே அதற்குரிய காப்பை நிறுவனம் வகுத்துத் தர வேண்டும். கேட்டவனுக்கு வேலை போகாது என்னும் உறுதியும், தலைமையாளனைத் தாண்டி நேரே ஆட்சிக்குழுவிடமோ மேற்பார்வையாளரிடமோ செல்லும் வழியும் இல்லாத இடத்தில், இரட்டைக் கையெழுத்து என்பது ஒரே கை இரண்டு முறை எழுதுவதே ஆகும்.

சிற்றூர் வங்கியின் பெருமையே ஒருவரை ஒருவர் அறிந்திருத்தல் என்பர். உண்மைதான். நகரத்துப் பெருவங்கி கண்டுகொள்ளாத உழவனுக்கு அவ் அறிமுகமே கடன் வாங்கித் தந்தது. ஆனால் அதே அறிமுகம் மேல்நோக்கித் திரும்பும்போது என்னாகின்றது? "நம் ஏன்சு தவறு செய்வானா?" என்று ஆகின்றது. கடன் வாங்குவோனை அறிவதற்கு உதவிய கண், கடன் கொடுப்போனைப் பார்க்கும்போது மூடிக்கொள்கின்றது. அறிமுகம் வேறு, ஆய்வு வேறு. மன்னனாயினும் இடித்துரைப்பார் வேண்டும் என்பது தமிழர்க்குப் புதிதாகச் சொல்ல வேண்டிய செய்தி அன்று. இடித்துரைப்பார் இல்லாத தலைமைக்குப் பகைவன் வெளியிலிருந்து வர வேண்டியதில்லை. எல்க்கார்ட்டுக்கு வந்த பகைவனோ ஒரு கைப்பேசியில் வந்தான்.

ஆட்சிக்குழு என்று ஒன்று இருந்தது. வங்கியின் மூன்றில் ஒரு பங்கு வெளியேறும் வரை அது அறியாதிருந்தது. அறிந்தது யாரால்? சூலை முதற் கிழமையில், வங்கியின் வாடிக்கையாளரான ஊர்க்காரர் ஒருவரை ஏன்சு அணுகினான். 1 கோடியே 20 இலக்கம் டாலர் பத்து நாளுக்குக் கைம்மாற்றாகத் தந்தால், சிக்கிக்கொண்ட பெருந்தொகையை மீட்டு, ஆதாயத்தோடு திருப்புவதாகக் கூறினான். அவர் கேட்டார். வினவினார். "இஃது ஏமாற்று, விட்டு விலகு" என்று முகத்துக்கு நேரே சொன்னார். அதோடு நில்லாமல் ஆட்சிக்குழுவைச் சேர்ந்தார்க்குச் செய்தியும் சொன்னார். படிவம், ஒப்பம், தணிக்கை, மேற்பார்வை என்று அத்தனை அடுக்குகளும் பல கிழமைகளாகக் கண்டறியாததை, கையில் ஒரு தாளும் இல்லாத ஓர் ஊர்க்காரர் ஓர் உரையாடலிற் கண்டறிந்தார். அவர் மற்றவரினும் மிக்க அறிவுடையார் என்பதன்று கரணியம். அவர் ஏன்சிடம் சம்பளம் வாங்கவில்லை. அவன் முன்னிலையில் அவருக்கு 'இல்லை' என்னும் சொல் வாயில் இருந்தது.

மேற்பார்வையாளர் செய்தி தனி. மாநில ஆணையரும் நடுவண் வங்கியும் இவ் வங்கியைக் காலந்தோறும் ஆய்ந்து நற்சான்று தந்தவர். இரண்டு திங்களுக்குள் நடந்த களவை முன்கூட்டியே அறிதல் அரிது என்று அவர் சார்பிற் கூறலாம். அஃது ஓரளவு பொருந்தும். எனினும் ஆய்வு என்பது பேரேட்டின் எண்களை மட்டும் பார்ப்பதாக இருந்தால், அவ் எண்களுக்குப் பின்னால் ஒருவனே எல்லாமாக நிற்பது எண்ணிற் தெரியாது. தலைமையாளன் சொல்லை மறுத்து அவ் வங்கியில் கடைசியாக எவர் எப்போது பேசினார் என்று எந்த ஆய்வாளர் கேட்பார்? கேட்டிருந்தால் அந்த ஒரு கேள்வி பேரேடு முழுவதையும் விட மிகுதியாகச் சொல்லியிருக்கும்.

இனி, "ஒருவர்க்கும் இழப்பில்லை" என்னும் பேச்சுக்கு வருவோர்க்கு விடை. வைப்பாளர்க்கு இழப்பில்லை, மெய். அது 1933ஆம் ஆண்டில் அந் நாடு வகுத்த வைப்புக் காப்பீட்டின் பயன். வங்கிகள் ஆயிரக்கணக்கில் மூடுண்டு, மக்கள் வாயிலில் வரிசை நின்று வெறுங்கையோடு திரும்பிய கொடுமையை அது ஒழித்தது. அதைப் போற்றத்தான் வேண்டும். ஆனால் பொறுப்பேற்பாளர் கொடுக்கும் வரிசையில் வைப்பாளர் முன்னிற்பர், மற்றைக் கடன்காரர் பின்னிற்பர், பங்குடையோர் கடைசியில் நிற்பர். முதலே கரைந்துபோன வங்கியில் கடைசியில் நிற்போர்க்கு எஞ்சுவது வெறுந்தாள். எல்க்கார்ட்டின் பங்குடையோர் இழந்தது ஏறத்தாழ 90 இலக்கம் டாலர். நகரத்துப் பங்கு வாணிகர் இழப்பு அன்று அது. நாற்பது ஆண்டு உழைத்து, ஊரை நம்பி, ஊர் வங்கியை நம்பிப் போட்டு வைத்த முதியோர் இழப்பு. இவர்கள் "ஒருவர்" என்னும் கணக்கில் வாராரோ?

2024 மே திங்களில் ஏன்சு குற்றத்தை ஒப்புக்கொண்டான். ஆகத்து 19ஆம் நாள் நடுவண் முறைமன்றம் அவனுக்கு 293 திங்கள், அதாவது இருபத்து நான்கு ஆண்டும் ஐந்து திங்களும், சிறை விதித்தது. அம் மன்றத்தில் ஊரார் வந்து நின்று தம் இழப்பை அவன் முகத்துக்கு நேரே எடுத்துரைத்தனர். அவன் அறையில் அமர்ந்து ஆணையிட்ட நாளில் சொல்லப்பட்டிருக்க வேண்டிய சொற்கள், வங்கி மறைந்து ஓராண்டு கழித்துச் சொல்லப்பட்டன. பணத்தை வாங்கிக்கொண்ட கயவர் ஒருவரும் அக் குற்றக்கூண்டில் நிறுத்தப்படவில்லை.

பின்னர்ச் சிறிது ஒளி வந்தது. கேமன் தீவுகளில் இருந்த ஒரு மறைக்காசுக் கணக்கிலிருந்து ஏறத்தாழ 80 இலக்கம் டாலரை நடுவண் புலனாய்வினர் கைப்பற்றினர். 2024 நவம்பரில், அத் தொகை முதலிற் பங்குடையோர்க்கே சேர வேண்டும் என்று நடுவர் முடிவு கூறினார். மன்றத்தில் இருந்த முதியோர் கண்ணீர் விட்டனர் என்று செய்தித்தாள்கள் எழுதின. நன்று. ஆயினும் மீண்டது 80 இலக்கம். போனது 4 கோடியே 71 இலக்கம். எஞ்சிய பள்ளத்தைக் காப்பீட்டுக் கழகத்தின் பொருட்குவை தாங்கிற்று. அப் பொருட்குவை வானத்திலிருந்து விழுந்ததன்று. அந் நாட்டில் காப்பீடு பெற்ற வங்கி ஒவ்வொன்றும் காலாண்டுதோறும் கட்டும் கட்டணத்தால் நிறைவது. எல்க்கார்ட்டைப் போன்ற ஊர்களில், விதைப்புக்கு முன் கடன் கொடுத்து அறுவடைக்குப் பின் வாங்கிக்கொண்டு, எவன் பணத்தையும் தொடாமல் நடந்துவரும் சிறு வங்கிகளும் அக் கட்டணத்தைக் கட்டிக்கொண்டுதான் இருக்கின்றன.